நாற்பது விநாடித் தரை

இவ்வளவு சிரிப்பு இவளுக்குள் எங்கேதான் கிடந்தது என்று தெய்வேந்திரனுக்கு எரிச்சலாக வந்தது. திரையில், மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் தவறான மண்டபத்து வாசலில் நின்று, அங்கே ஆரத்தித் தட்டோடு காத்திருந்தவர்கள் இவர்களுக்குச் சுற்றிப்போட்டு, சந்தனம் கொடுத்து, பந்தியில் உட்கார வைத்து, ரசத்துக்குச் சோற்றில் குழி செய்கிற நேரத்தில்தான் மாப்பிள்ளையின் சித்தப்பா சுவரில் தொங்கும் பேனரை நிமிர்ந்து பார்க்கிறார். பேனரில் சிரிப்பது வேறு மாப்பிள்ளை. தியேட்டர் குலுங்கியது. செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்து நிமிர்ந்தாள். "அண்ணே, அந்தாளு அப்பளத்த எடுத்து மடியில கட்டுறான் பாருண்ணே." பார்த்தேன், முதல் நாளே வந்து பார்த்துத் தொலைத்தேன் என்று சொல்ல முடியுமா. "ம்" என்றார். நாற்பத்தெட்டு வயதில் தங்கைக்குப் படம் பார்க்க ஆசை வந்துவிட்டது. நேற்றுச் சாயந்தரம் சத்துணவுக் கூடத்திலிருந்து நேரே ஸ்டூடியோவுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "உன் பேரு படத்துல வருதாம்ல, எங்க டீச்சர் சொல்லுச்சு, நீ ஒரு வார்த்த சொல்லல பாத்தியா" என்றாள். வெயில் என்றார், படம் சுமார்தான் என்றார், உங்க அத்தைய யாரு பாத்துக்குவா என்றும் கேட்டுப் பார்த்தார். அத்தை என்றால் அவளுடைய மாமியார். எண்பத்து மூன்று வயது, படுத்த படுக்கை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன், மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். இருபத்தாறு வருஷத்தில் என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போ என்று ஒரு முறை கேட்டிராதவள் கேட்கிறாள், மாட்டேன் என்று சொல்ல எந்த முகம் இருக்கிறது. பெயர்கள் ஓடியபோது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நன்றி என்ற தலைப்பின் கீழே ஒரு பெட்ரோல் பங்குக்கும் ஒரு கோயில் தர்மகர்த்தாவுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த 'தெய்வா வீடியோ விஷன்' என்பதை விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி நீட்டி, பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மாவிடம், "எங்க அண்ணன்" என்றாள். அந்த அம்மா இவரை எட்டிப் பார்த்துவிட்டுப் பாப்கார்ன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னும் இருக்கிறது. இடைவேளை வர வேண்டும், இடைவேளை முடிய வேண்டும், அதிலிருந்து இருபத்திரண்டாவது நிமிடத்தில் அந்தக் காட்சி. கடிகாரம் பார்த்துக் கணக்கு வைத்திருந்தார். இருபத்தாறு வருஷம் நாடாவும் நிமிடமுமாகப் பிழைத்தவருக்கு அது தானாக வந்துவிடும். இருபதாவது நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று சொல்லி எழுந்துவிடலாம். சுகர் இருக்கிறது, நம்புவாள், பதறி வெளியே கூட்டிப்போவாள், சோடா வாங்கித் தருவாள். ஆனால் இவள் விடமாட்டாள், மறுபடி வருவாள், டீச்சரோடு வருவாள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் டிவியில் போட்டுவிடுவார்கள், மாமியார் கட்டிலுக்கு எதிரே அந்தப் பெட்டி இருக்கிறது, அந்தக் கிழவியும் பார்ப்பாள். இடது பக்கம் கதவுக்கு மேலே வெளியே போகும் வழி என்று சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏஸி வேலை செய்யவில்லை. பின்னால் ஒரு குழந்தை இருக்கையை உதைத்துக்கொண்டே இருந்தது, ஒரே சீராக, முதுகெலும்பில் ஒரே இடத்தில். அந்தத் தாடிக்காரனைச் சொல்ல வேண்டும். போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாதம், ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான், ஸ்டூடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம், உதவி இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு வந்தான். சார் என்று கூப்பிட்டான். சார் என்று யார் கூப்பிட்டார்கள் சமீபத்தில். டிரோன் வைத்திருக்கிற பயல்களும், பொண்ணையும் மாப்பிள்ளையையும் கண்மாய்க் கரையில் ஓடவிட்டுப் படம் எடுக்கிற பயல்களும், தொழில் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போன பிறகு கல்யாண வீட்டில் தெய்வேந்திரன் என்றால் 'வீடியோத் தாத்தா'. இவன் சார் என்றான், கல்யாணக் கலாட்டாவாக ஒரு படம் பண்ணுகிறோம், நீங்கள் எத்தனை கல்யாணம் பார்த்திருப்பீர்கள், சிரிப்பாக நடந்தது ஏதாவது சொல்லுங்கள் சார் என்றான். சொன்னார். தாய்மாமன் மேடையில் தூங்கி விழுந்ததைச் சொன்னார், பாயசத்துக்காக இரண்டு பங்காளிகள் வாளியால் அடித்துக்கொண்டதைச் சொன்னார். பயல் மரியாதைக்குச் சிரித்தான். மரியாதைச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெய்வேந்திரனுக்குத் தெரியாதா, ஆயிரம் கல்யாணத்தில் கேமராவுக்கு முன்னால் பார்த்தது அதைத்தானே. அந்த மரியாதைதான் உறுத்தியது. உடனே அடிவயிற்றிலிருந்து எடுத்துப் போட்டார் அதை.

ஒரு ஊரில் ஒரு கல்யாணம் தம்பி, என்று ஆரம்பித்தார். பொண்ணுக்கு வீடியோ கிறுக்கு. மாப்பிள்ளை தாலிய எடுத்து ஒரு முடிச்சுப் போட்டாச்சு, கெட்டிமேளம் அடங்கல, நாத்தனா வந்து மத்த ரெண்டு முடிச்சப் போடணும், அதுக்குள்ள இந்தப் பொண்ணு கேமராவத் திரும்பிப் பாத்துச்சு, அவுத்துருச்சு, தானே கையப் பின்னால விட்டு அவுத்து மாப்பிள்ள கையில குடுத்து, "சரியா விழல, இன்னொரு தடவ கட்டுங்க"ன்னுச்சு. வீடியோக்காரன் வேண்டாம்மா, வேண்டாம்மாங்கிறான், கேக்கல. தாடிக்காரன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமினான், கண்ணைத் துடைத்தான், போனை எடுத்துக் குறித்துக்கொண்டான், சார் நீங்க வேற லெவல் என்றான். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் உடம்பில் சூடாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேறு மாதிரி சொல்லியிருக்கலாமே, வீடியோக்காரன்தான் கழட்டச் சொன்னான் என்று சொல்லியிருந்தாலும் பயல் சிரித்துத்தான் இருப்பான், இன்னும் கூடச் சிரித்திருப்பான், ஊர் பேர் இல்லாத கதைக்கு எந்தச் சாட்சி வரப்போகிறது. வாய் வரவில்லை. தொழுவத்துக்குப் போகிற மாடு வழி கேட்காது. இருபத்துநாலு வருஷமாக ஊரில் அந்தக் கதை எந்த வழியில் போய்வந்ததோ அந்த வழியிலேயே நாக்கும் போய்விட்டது. போதாததற்கு வேண்டாம்மா வேண்டாம்மா என்று ஒன்றைக் கையிலிருந்து சேர்த்தாரே, அதற்கு எந்த மாட்டைக் குற்றம் சொல்வது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெடவில்லை, கெட்டது பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

விளக்கு போட்டார்கள். இடைவேளை. வெளிச்சத்தில் அவள் முகம் சிவந்து, கண்ணோரம் ஈரமாக, பத்து வயது குறைந்து தெரிந்தாள். காதில் சின்னத் தோடு, கழுத்தில் கவரிங் சங்கிலி, வேறொன்றுமில்லை. கழுத்தைப் பார்க்கக் கூடாது என்று அவர் வைத்திருந்த வழக்கம் இருபத்தைந்து வருஷ வழக்கம். பேசும்போது அவள் நெற்றியைப் பார்ப்பார், இல்லையென்றால் கையைப் பார்ப்பார். இப்போது சொல்லிவிடலாம். இன்னும் இருபத்திரண்டு நிமிடமும் இந்த இடைவேளையும் இருக்கிறது. பாப்பா, அந்தக் கதைய நான்தான் சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன், வேணும்னா உங்க அத்தைகிட்ட நானே வந்து உண்மையச் சொல்றேன். நாலு வார்த்தை. மேடையில் தாலி கட்டுகிற நேரம் கூட ஆகாது.

"பாப்பா."

"என்னண்ணே?"

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பப்ஸ் சாப்புடுறியா?"

"எண்ணெய்ல செஞ்சது, எனக்கு ஒத்துக்காது. நீ சாப்புடு. சுகர் மாத்திரை போட்டியா?"

போட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வரிசையில் நின்றார். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த வரிசையிலேயே நாலு பேர் முன்னால் வைத்து, உருப்படாதவனே என்று சொல்லியிருப்பார். அவருக்கு அதற்கு இடம் பொருள் கிடையாது. ஜின்னிங் மில்லில் மேஸ்திரி, வாயைத் திறந்தால் வசவு. பாப்பா கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து ஒழுங்கான ஆளைப் பேசுவோம், இவன் கெடுத்துவிடுவான் என்றார் அவர். அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. செண்பகம்தான், மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவள் கையைக் கூடக் கழுவாமல் வந்து நின்று, "அண்ணன் எடுத்தாத்தான் நான் மணவறையில உக்காருவேன்" என்றாள். தெய்வேந்திரனுக்கு அப்போது முப்பத்தொன்று, கேமரா வாங்கி மூன்று மாதம், அதுவரை எடுத்தது ஒரு காதுகுத்தும் ஒரு கட்சிக் கூட்டமும். தங்கச்சி கல்யாணத்தை எடுத்து ஊருக்குக் காட்டினால்தான் தை மாதத்தில் நாலு பேர் கூப்பிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் மஞ்சள் கையோடு வந்து நின்றாள்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடுகிறது, எரியாவிட்டால் ஓடவில்லை. இதில் என்ன குழப்பம். பச்சைப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் பொத்தான் ஒன்றுதான், ஒரு தடவை அழுத்தினால் ஓடும், அடுத்த தடவை அழுத்தினால் நிற்கும், அந்தக் காலத்துக் கேமராக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான், ஒரு தடவை மாற்றி அழுத்திவிட்டால் அப்புறம் எல்லாமே தலைகீழ்தான். எடுக்க வேண்டியதெல்லாம் நாடாவில் விழாது, எடுக்கக் கூடாததெல்லாம் விழும். முகூர்த்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததை ஓடவில்லை என்று நினைத்து அழுத்தினார், நின்றது. கண் கலங்கியிருந்தது, அதனால்தான் விளக்கு தெரியவில்லை என்று பிற்பாடு தமக்குத்தாமே சொல்லிப் பழகியிருந்தார். கலங்கவில்லை. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பதை மண்டபத்தில் யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பால்ச்சாமி தாலியை எடுத்தது, மேளம் உச்சத்துக்குப் போனது, அட்சதை விழுந்தது, முதல் முடிச்சு விழுந்தது, எல்லாவற்றையும் அழகாக, அசையாமல், ஓடாத கேமராவில் எடுத்தார். நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வர நேரமானது, அதுவரை நிறுத்தலாம் என்று அழுத்தினார், சிவப்பு விளக்கு எரிந்தது. அப்படியென்றால் அதுவரை எதுவும் நாடாவில் விழவில்லை. தியேட்டர் கதவுக்கு மேலே எரிகிறதே, அதே மாதிரி விளக்கு. வரிசை நகர்ந்தது. பப்ஸ் வாங்க மறந்து, வெறும் தண்ணீர்ப் பாட்டிலோடு உள்ளே வந்து உட்கார்ந்தார், கதவுக்கு மேலே அது எரிந்துகொண்டிருந்தது, படம் ஆரம்பித்திருந்தது.

கேமராவைத் தோளிலிருந்து இறக்கித் தொங்கவிட்டபடி இரண்டடி வைத்து மணவறைக்குப் பக்கத்தில் குனிந்தார். "கழட்டு பாப்பா. ஒரு நிமிசந்தான். விழல." ஏன் அப்படிச் சொன்னார். கழுத்துக்குப் பின்னால் சும்மா கையை வைக்கச் சொன்னால் போதாதா, இன்றைக்கு அவரே ஆயிரம் மாப்பிள்ளைகளை அப்படி வைக்கச் சொல்லி எடுத்திருக்கிறார். அன்றைக்குத் தட்டிலிருந்து தாலி எழுவதிலிருந்து வேண்டும் என்று ஒரு பேராசை. மணப்பெண் அண்ணனைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனாள், ஒரே முடிச்சுதான், மாலையில் ஒரு தடவை சிக்கியது, அவிழ்ந்துவிட்டது. மாப்பிள்ளை பால்ச்சாமிக்கு அது காதில் விழுந்தது, சிரித்தார், மச்சான் சொன்னா சரி என்கிற மாதிரி கையை நீட்டினார். வேறு யாருக்கும் கேட்கவில்லை. பார்த்தது மட்டும் மண்டபமே பார்த்தது. "ஏத்தா, என்ன காரியம் செய்யிற?" என்றாள் மாமியார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அப்போது செண்பகம் சொன்னாள், தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி: "சரியா விழல அத்தை. நான்தான் இன்னொரு தடவ கட்டச் சொன்னேன்." அண்ணன்தான் சொன்னான் என்று சொல்ல எத்தனை எழுத்து. அவர் என்ன செய்தார், கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். கேமராவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொள்வதைப் போலச் சுலபம் உலகத்தில் எதுவும் கிடையாது.

அந்த இரண்டாவது தாலிகட்டு மிக நன்றாக விழுந்தது. அதைச் சொல்லாமல் முடியாது. தட்டிலிருந்து கை, கையிலிருந்து கழுத்து, குனிந்த தலை, மெல்ல விழும் அட்சதை. மதுரையில் எடிட்டிங் அறையில் அதை மெதுவாக ஓடவிட்டு ரோஜாப்பூ விரிகிற மாதிரி போட்டார்கள், ஊரே பார்த்தது, தை மாதத்தில் ஏழு கல்யாணம் வந்தது. அதற்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்த கேமரா தன்பாட்டுக்கு ஓடியதில் நாற்பது விநாடி தரை விழுந்திருந்தது. கம்பளத்தின் சிவப்பு ஓரம், மிதிபட்ட அரிசி, மருதாணி வைத்த ஒரு கால்விரல், அவருடைய செருப்பில்லாத கால். நடுவே அவருடைய குரல். கழட்டு பாப்பா. எடிட்டிங்காரர் திரும்பிப் பார்த்து, இது யார் குரல் என்று கேட்டார். "அது வேஸ்ட், வெட்டிருங்க" என்றார் தெய்வேந்திரன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஊர் உலகம் படாத பாடு படும். அவருக்கு ஒரு பொத்தான் போதுமாக இருந்தது. பதினோரு மாதம் கழித்து மஞ்சள் காமாலையில் பால்ச்சாமி போனபோது, துணி மூடிய உடம்பைக் கூடத்தில் வைத்திருந்தபோதே ஆரம்பித்துவிட்டாள் மாமியார், கட்டுன சூட்டோட கழட்டுனாளே, அன்னைக்கே எனக்குத் தெரியும், அன்னைக்கே தெரியும். கருமாதி அன்று தாலியைக் கழற்றுவதற்குப் பெண்கள் வளைத்து உட்கார்ந்ததும், யார் கை வைப்பது என்று ஆளுக்காள் தயங்கினார்கள். மாமியார் சொன்னாள்: "அவளுக்குத்தான் பழக்கமாச்சே. அவளே கழட்டட்டும்." தெய்வேந்திரன் நிலைப்படியில் நின்றார். கையில் கேமரா இல்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செண்பகம் தலையை நிமிர்த்தி நிலைப்படிப் பக்கம் பார்த்தாள், மணவறையில் பார்த்த அதே பார்வை, ஒன்றும் கேட்காத பார்வை. தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு அவர் தெருவுக்கு வந்துவிட்டார். லாரி வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவுமில்லை.

பின்னால் குழந்தை உதைப்பதை நிறுத்தியிருந்தது, தூங்கிவிட்டதோ என்னவோ. பதினைந்தாவது நிமிடம். திரையில் ஐயருக்குப் பேதி, மந்திரத்தை நிறுத்தி நிறுத்தி ஓடுகிறார். செண்பகத்துக்கு இருமல் வந்துவிட்டது, தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார், குடித்தாள். வெட்டாத அந்த மூலக் கேசட் இன்னும் பீரோவில், துணிக்கடைப் பைக்குள் இருக்கிறது. அழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. முதலில் ஸ்டூடியோ அலமாரியில் மற்ற கேசட்டுகளோடுதான் இருந்தது, 'செண்பகம் ஒரிஜினல்' என்று அவரே எழுதி ஒட்டியது. பால்ச்சாமி போன பிறகு செண்பகம் வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வருவாள், கல்யாணக் கேசட்டைப் போடச் சொல்வாள், புருஷன் முகம் நடமாடுவது அதில்தானே. போட்டுக் கொடுத்துவிட்டு இவர் வேலைக்குப் போய்விடுவார், அவள் பார்த்துவிட்டுப் பூட்டிச் சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் ஒரிஜினலை எடுத்தபோது நாடா பாதியில் நின்றிருந்தது. முழுக்கச் சுற்றி வைப்பதுதான் அவர் வழக்கம். மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டு பீரோவுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு அவள் கேசட் பார்க்க வரவில்லை, வேலை கிடைத்துவிட்டது, நேரமில்லை என்றாள். இப்போது அதில் பூஞ்சை பிடித்திருக்கும். போட்டுப் பார்க்க மிஷினும் இல்லை. மதுரையில் ஒரு கடையில் பென்டிரைவில் ஏற்றித் தருகிறான் என்று கேள்விப்பட்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனார், ஒரு டீ குடித்தார், திரும்பி வந்தார். போன வாரம் கூட ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மாமியாரைப் பார்க்கப் போனபோது அந்தக் கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, புதிதாக ஒன்றைச் சொல்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னாள், உன் தங்கச்சி கட்டுன தாலியக் கையால அவுத்தவப்பா, நீ பாத்தீல்ல. செண்பகம் அந்தக் கிழவியின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெய்வேந்திரன் ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகக் கொட்டை எடுத்துக் கொடுத்தார்.

இருபது. தலை சுற்றுகிறது என்று சொல்ல வேண்டிய நேரம். சொல்லாமல் இருப்பதில் இத்தனை வருஷம் பழகிய வாய், பொய் சொல்லக் கூடத் திறக்க மாட்டேன் என்கிறது. இருபத்தொன்று. மணவறை, மேளக்காரர், மாப்பிள்ளையாக நடிக்கிறவன் தாலியை எடுக்கிறான், கட்டுகிறான். தியேட்டரில் சிரிக்கத் தயாராகக் காத்திருக்கிற ஒரு அமைதி. பெண்ணாக நடிக்கிறவள் நெற்றியில் தொங்கும் நகையைச் சரிசெய்துகொண்டு கேமராப் பக்கம் திரும்புகிறாள், உதட்டைச் சுழிக்கிறாள், கையைப் பின்னால் விட்டு அவிழ்க்கிறாள். "மாமா, என் லெஃப்ட் சைடு நல்லா விழாது, இந்தப் பக்கமா வந்து கட்டுங்க." வெடித்தது தியேட்டர். வீடியோக்காரனாக வரும் காமெடி நடிகர் இரண்டு கையையும் கூப்பி, "வேண்டாம்மா, தாயி, வேண்டாம்மா" என்று அழுகிறார். அவருக்குக் கைதட்டல் தனி. பெண்ணோ மூன்று தடவை கட்ட வைக்கிறாள். மூன்றாவது தடவை தாலி வழுக்கிப் பாயச வாளியில் விழுகிறது. முன் வரிசையில் ஒருவன் விசிலடித்தான், அடிப் பாவி என்று ஒரு பெண் குரல் சிரிப்புக்கு நடுவே கேட்டது. முதல் நாள் பார்த்தபோது தெய்வேந்திரனும் சிரித்திருந்தார். அதுவும் உண்மைதான், தனியாக உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து, தம் கதைக்குச் சிரிக்கிறார்கள் என்று பெருமையாகச் சிரித்திருந்தார். இப்போது திரை வெளிச்சத்தில் பக்கத்தில் பார்த்தார். செண்பகத்தின் வாயிலிருந்து முந்தானை விலகியிருந்தது. கை கழுத்துக்குப் போய், கவரிங் சங்கிலியைத் தாண்டி, பிடரியில் முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அங்கேயே இருந்தது. பிறகு எல்லோரும் அடங்குகிற நேரத்தில், ஒரு விநாடி பிந்தி, அவளும் சிரித்தாள். நெற்றியைப் பார்க்கிற வழக்கத்தை மறந்து அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் படம் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து போட்டோவுக்கு நிற்பார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், நூறு வருஷம் வாழ்வார்கள், சினிமாவில் யாருக்கும் காமாலை வருவதில்லை. விளக்கு எரிந்தது. நாலேகால் மணி வெயில் வாசலில் அடித்தது. கூட்டத்தோடு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் வேப்பமர நிழலில் நின்றார்கள். "வயிறே வலிக்குதுண்ணே, இப்படிச் சிரிச்சு எத்தனை வருசமாச்சு" என்றாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்தாள். குரலில் ஒன்றுமில்லை. தப்பித்தோமா என்று தெய்வேந்திரனுக்கு ஒரு அற்பமான தெம்பு வந்தது. ஒரு கரும்புச் சாறு குடிக்கலாமா என்று கூடக் கேட்கத் தோன்றியது. தூரத்தில் அவள் பஸ் திரும்பி வருவது தெரிந்தது.

"அந்தப் பொண்ணு ஏண்ணே தாலிய அவுத்தா?"

"எந்தப் பொண்ணு?"

"படத்துலதான்."

"அதா... ஏதோ வீடியோ கிறுக்கு. சிரிப்புக்கு வச்சிருக்காங்க."

"தானாவா அவுப்பா ஒருத்தி? யாராச்சும் சொல்லித்தான அவுத்திருப்பா. அதக் காட்டலையே."

சொல்லிவிடு என்று அவருக்குள் ஒன்று எழுந்து நின்றது. பஸ் வர இன்னும் முப்பது அடி இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி, அதையும் படத்தைக் கேட்பது போலக் கேட்கிறாள், பிழைத்துப் போ என்று இந்த இடத்திலும் ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கிறாள். கேமரா இல்லாத வெறும் முகம் வெயிலில் சுட்டது. வாயைத் திறந்தார்.

"எடிட்டிங்ல போயிருக்கும்" என்றார்.

பஸ் வந்து நின்றது. செண்பகம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தாள். "போயிருக்கும்" என்றாள், அவர் நெற்றியைப் பார்த்து. "நாப்பது செகண்டுதான. வெட்டுனா யாருக்கும் தெரியாது. நீ நேரத்துக்குச் சாப்புடுண்ணே, அத்தைக்கு மாத்திரை குடுக்கணும், நான் வாரேன்."